காசு வாங்காமல் ஆடிய டாக்டர்: கெவின் ஓஃபிளானகன்

1946 ஜனவரி 26, சனிக்கிழமை. டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் அயர்லாந்தும் பிரான்சும் ரக்பி ஆடின. அயர்லாந்து அணியில் 26 வயது டாக்டர் ஒருவர் இருந்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 2 அன்று, பெல்ஃபாஸ்ட் நகரில் அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் கால்பந்து ஆடின. அந்த அயர்லாந்து அணியிலும் அதே டாக்டர்.

அவர் பெயர் கெவின் ஓஃபிளானகன். எட்டு நாட்களுக்குள் இரண்டு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடியவர் என்று எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் முதலில் வரவேண்டிய பெயர். ஆனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் இந்த இரண்டு ஆட்டங்களும் கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நடந்த இந்தப் போட்டிகளை முழுமையான சர்வதேசப் போட்டிகளாகச் சங்கங்கள் ஏற்கவில்லை. நாட்டுக்கு ஆடியதன் அடையாளமாகத் தரும் தொப்பியும் ஆடியவர்களுக்கு இல்லை, பதிவும் இல்லை.

ஓஃபிளானகன் கால்பந்தில் அயர்லாந்துக்காகப் பத்து சர்வதேசப் போட்டிகள் ஆடினார். ரக்பியில் ஒன்று. குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் தேசியச் சாம்பியன். கோல்ஃபும் டென்னிஸும் நன்றாக ஆடுவார். சிறுவயதில், அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்திலும் டப்ளின் அணிக்குள் நுழைந்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைச் சொல்லி, பிறவித் திறமை என்று வியந்து நிறுத்திக்கொள்கிறார்கள். திறமை உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் பல விளையாட்டுகளில் கெட்டிக்காரர்களாக இருந்த இளைஞர்கள் டப்ளினில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் இவர் மட்டும் எப்படி இத்தனை வாசல்களுக்குள் போய்வர முடிந்தது என்பதுதான் விளக்கம் தேவைப்படும் கேள்வி. அவர் எந்த விளையாட்டிலும் காசு வாங்கவில்லை என்பதில் பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. மீதி, அந்தக் காலத்து அயர்லாந்தின் அரசியலில் இருக்கிறது.

ஓஃபிளானகன் 1919 ஜூன் 10-ஆம் தேதி டப்ளினில் பிறந்தார். அயர்லாந்தின் விடுதலைப் போர் தொடங்கியிருந்த ஆண்டு அது. அவருக்கு நான்கு வயது முடிவதற்குள் தீவு இரண்டாகிவிட்டது. தெற்கே தனி நாடு, வடக்கே ஆறு கவுண்டிகள் (மாவட்டங்கள்) பிரிட்டனோடு. விளையாட்டுச் சங்கங்கள் இந்தப் பிரிவினையை ஆளுக்கொரு விதமாக எதிர்கொண்டன. ரக்பி சங்கம் பிரியவே இல்லை. இன்றுவரை தீவு முழுவதற்கும் ஒரே அணி. கால்பந்து பிரிந்தது. 1880 முதல் பெல்ஃபாஸ்டில் இயங்கிவந்த பழைய சங்கத்தோடு முறைத்துக்கொண்டு டப்ளின்காரர்கள் 1921-இல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டு சங்கங்களும் தங்கள் அணியை "அயர்லாந்து" என்றே அழைத்தன. இரண்டும் தீவு முழுவதிலிருந்தும் வீரர்களை எடுத்தன. தடகளத்தில் சிக்கல் இன்னும் பெரிது. எல்லைக் கோட்டுக்குத் தெற்கே மட்டும்தான் உங்கள் அதிகாரம் என்று சர்வதேசக் கூட்டமைப்பு சொன்னதை ஐரிஷ் தடகளச் சங்கம் ஏற்க மறுத்தது. 1935-இல் அது இடைநீக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஐரிஷ் வீரர்கள் யாரும் ஓடவில்லை.

இத்தனைக்கும் நடுவே கேலிக் தடகளச் சங்கம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஓஃபிளானகனின் கதை புரியாது.

1884-இல் டிப்பரரி கவுண்டியின் தர்லெஸ் என்ற ஊரில் தொடங்கப்பட்ட இந்தச் சங்கம், மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங், கேலிக் கால்பந்து போன்ற ஐரிஷ் விளையாட்டுகளை மீட்டெடுக்கப் பிறந்தது. கேலிக் கால்பந்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், குத்தி அனுப்பலாம். ஒரு பக்கம் பதினைந்து பேர். கிராமத்துக்குக் கிராமம், சர்ச் பங்குக்குப் பங்கு இதற்குக் கிளப்கள் உண்டு. வெறும் விளையாட்டுச் சங்கமாக அது இருக்கவில்லை, தேசிய இயக்கத்தின் ஒரு கையாகவே இருந்தது. அதனால் ஒரு கடுமையான தடையும் அதன் விதிகளில் இருந்தது. கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகியவை அந்நிய விளையாட்டுகள். அவற்றை ஆடுகிறவர் கேலிக் விளையாட்டு ஆடக்கூடாது. ஆடுவது இருக்கட்டும், போய்ப் பார்க்கவும் கூடாது. கால்பந்து மைதானங்களின் வாசலில் நின்று, தங்கள் வீரர்கள் யாராவது உள்ளே போகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே கண்காணிப்புக் குழுக்களைச் சங்கம் வைத்திருந்தது.

ஓஃபிளானகன் படித்தது கிறிஸ்தவச் சகோதரர்கள் நடத்திய சிங் தெரு பள்ளியில். அந்தச் சகோதரர்களின் பள்ளிகளில் கேலிக் விளையாட்டுதான் ஆட்டம். பையன் அதில் நன்றாகத் தேறி, 18 வயதுக்கு உட்பட்டோருக்கான டப்ளின் கவுண்டி அணிவரை வந்துவிட்டான். ஆனால் தெருவில் எல்லாப் பையன்களும் ஆடியது மற்றக் கால்பந்து. அதையும் அவன் ஆடுகிறான் என்று தெரியவந்ததும் கவுண்டி அணியில் இடம் போயிற்று. ஒரு பள்ளி மாணவன் மாலையில் எந்தப் பந்தை உதைத்தான் என்பதற்காக அவனை ஒதுக்கியது எனக்கு இன்று படித்தாலும் வலிக்கிற விஷயம். காலனிய ஆட்சியில் நசுங்கிய ஒரு சமூகம் தன் அடையாளத்தைக் காக்க வேலி போட்டது நியாயமாகவே தோன்றுகிறது. அந்த வேலி குத்தியது என்னவோ சொந்தப் பிள்ளைகளைத்தான்.

இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் தலைவராகப் புகழ்பெற்ற ஜானி கேரியும் டப்ளினில் கேலிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர்தான். கான் மார்ட்டின் என்பவர் 1941-இல் லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்ற டப்ளின் கேலிக் அணியில் இருந்தார். அவர் கால்பந்தும் ஆடுகிறார் என்று கண்டுபிடித்து நீக்கினார்கள். வென்ற பதக்கத்தையும் கொடுக்கவில்லை. தடை நீங்கிய பிறகு, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது அவர் கைக்கு வந்தது.

தடையின் உச்சகட்டக் காட்சி நடந்தபோது ஓஃபிளானகன் மைதானத்திலேயே இருந்தார். 1938 நவம்பர் 13, டப்ளின் டேலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் ஆட்டம். பார்வையாளர் வரிசையில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட். ஐரிஷ் மொழியைக் காப்பதற்காக 1893-இல் கேலிக் லீக் அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், கேலிக் தடகளச் சங்கத்தின் புரவலர். ஒரு நாட்டின் தலைவராக, தன் நாட்டு அணி ஆடும் போட்டிக்கு மரியாதை நிமித்தம் வந்திருந்தார். அயர்லாந்து 3-2 என்று வென்றது. அடுத்த மாதமே சங்கம் ஹைடைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. ஐரிஷ் பண்பாட்டுக்காக வாழ்நாளைக் கொடுத்த மனிதருக்கே இந்த நிலை என்றால், பள்ளிக்கூடப் பையனுக்கு என்ன சலுகை கிடைத்திருக்கும்?

சரி, ஒரு வாசல் மூடியது. மற்றவை எப்படித் திறந்தன?

ஓஃபிளானகன் சேர்ந்த கிளப் பொஹீமியன்ஸ். 1890-இல் தொடங்கிய பழைய டப்ளின் கிளப்; ஃபிப்ஸ்பரோ பகுதியிலுள்ள டேலிமவுண்ட் பார்க்தான் அதன் வீடு. நாட்டின் முதல்நிலை லீகில் ஆடினாலும் வீரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை என்ற கொள்கையை அது 1969 வரை விடவில்லை. சம்பளம் கொடுக்கும் அணிகளோடு மோதி, அமெச்சூர்களை வைத்தே தாக்குப்பிடித்த கிளப் அது. கல்லூரி மாணவர்கள், வங்கிக்காரர்கள், அரசு ஊழியர்கள் போன்றவர்களுக்குப் பொருத்தமான இடம். யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓஃபிளானகன் அங்கே ஆடினார். வலது ஓர முன்கள ஆட்டக்காரர். வேகமும், பலமான உதையும் அவருடைய முத்திரை.

1937 நவம்பர் 7 அன்று, 18 வயதில், நார்வேக்கு எதிராக அயர்லாந்துக்காக முதல் ஆட்டம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஆஸ்லோவில் 3-2 என்று தோற்று வந்திருந்த அயர்லாந்து டப்ளினில் வென்றே ஆகவேண்டிய நிலை. ஓஃபிளானகன் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 3-3 என்று முடிந்து, மொத்தக் கணக்கில் 6-5 என்று நார்வே 1938 உலகக் கோப்பைக்குப் போனது.

அதே நாளில் அயர்லாந்துக்காக முதல் ஆட்டம் ஆடிய இன்னொருவர் ஜானி கேரி. அவருக்கும் 18 வயது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமெச்சூர் என்ற நிலையின் உண்மையான பொருள் புரியும். முந்தைய ஆண்டு 250 பவுண்டு கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட் கேரியை டப்ளினிலிருந்து அழைத்துச் சென்றிருந்தது. அன்று முதல் கால்பந்து அவருடைய தொழில். இங்கிலாந்தில் தொழில்முறை வீரருக்கு வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. போருக்கு முன் எட்டு பவுண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு கிளப்புக்குப் போகலாம். கிளப் அவரை விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், ஆடவிடாமலும் வைத்திருக்கலாம். சனிக்கிழமை ஆட்டம் இருக்க, ஆசைக்கு ரக்பி ஆடிவிட்டு வருகிறேன் என்று எந்தத் தொழில்முறை வீரரும் கேட்கக்கூட முடியாது.

ஓஃபிளானகனுக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. அமெச்சூராகப் பதிவு செய்தவரைக் கிளப் பிடித்துவைக்க முடியாது. அதைவிட முக்கியம், காசு வாங்காததால் மற்ற விளையாட்டுகளின் கதவுகள் சாத்தப்படவில்லை. அந்தக் காலத் தடகளத்தில் ஏதாவது ஒரு விளையாட்டில் சம்பளம் வாங்கியவர் அமெச்சூர் தகுதியை இழந்துவிடுவார். 1912 ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கர் ஜிம் தோர்ப், அதற்கு முன் சின்ன ஊர்களில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியதற்காகப் பதக்கங்களைப் பறிகொடுத்தார். ஓஃபிளானகன் ஆடிய, பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனிலோ காசு என்ற பேச்சே ஆகாது. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீகில் ஒருமுறை சம்பளத்துக்கு ஆடினால் ஆயுளுக்கும் வெளியேதான்.

ஆகவே பணம் ஒரு மதில், தேசியம் இன்னொரு மதில். முதல் மதிலை ஓஃபிளானகன் தாண்டினார். இரண்டாவதில் மோதித் திரும்பினார். முதலாவதைத் தாண்ட அவருக்கு உதவியது மருத்துவப் படிப்பு. இதை நாம் மறந்துவிடக் கூடாது. காசு வாங்காமல் ஆடுவது உயர்ந்த பண்பு என்று அந்தக் காலத்தில் நிறையப் பேசினார்கள். ஆனால் காசு இல்லாமல் ஆட முடிகிறவர்கள் யார்? வேறு வருமானம் உள்ளவர்கள், அல்லது வரப்போகிறது என்ற நிச்சயம் உள்ளவர்கள். கேரி சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதால் விளையாட்டு மீது அவருக்குக் காதல் குறைந்துவிடவில்லை. ஓஃபிளானகன் ஐந்து விளையாட்டுகளில் மின்னியதற்கும் கேரி ஒன்றில் மட்டும் சிகரம் தொட்டதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில், திறமைக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு பங்கு பிழைப்புக்கும் உண்டு என்பது என் கணிப்பு.

நாட்காட்டியும் அவருக்குச் சாதகமாக இருந்தது. டப்ளின் சங்கம் சர்வதேசக் கால்பந்துப் போட்டிகளைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தியது. நார்வே, போலந்து ஆட்டங்கள் இரண்டும் ஞாயிறுதான். ரக்பி எப்போதும் சனிக்கிழமை. தடகளமோ கோடையில், இரண்டு பந்து விளையாட்டுகளும் ஓய்ந்திருக்கும் நேரத்தில். உடம்பு ஒத்துழைத்தால் மூன்றையும் ஒரே ஆண்டுக்குள் அடக்கிவிடலாம்.

அப்படித்தான் அடக்கினார். 60 கெஜம், 100 கெஜம் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் ஐரிஷ் பட்டங்கள் வந்தன. 1939 மே 18 அன்று புடாபெஸ்டில் ஹங்கேரிக்கு எதிராக அயர்லாந்து 2-2 என்று சமன் செய்தபோது இரண்டு கோலும் அவருடையவை. முந்தைய உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை வந்த ஹங்கேரி அது. ஐந்து நாள் கழித்து பிரெமன் நகரில் ஜெர்மனியோடு 1-1.

அதோடு நின்றது. செப்டம்பரில் போர். அயர்லாந்து நடுநிலை வகித்தாலும் சர்வதேசக் கால்பந்து 1946 வரை கிடையாது. 1940, 1944 ஒலிம்பிக்ஸ் இரண்டுமே நடக்கவில்லை. ஒரு குறுந்தூர ஓட்டக்காரருக்கு 20 முதல் 26 வரையான வயது எப்பேர்ப்பட்ட வயது! ஓஃபிளானகனுடைய அந்த வயது முழுவதும் போருக்குள் போய்விட்டது. இருபது வயதுக்குள் ஏழு சர்வதேசப் போட்டிகள் ஆடியவர், எட்டாவதற்கு ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய பத்துப் போட்டிகளையும் மூன்று கோல்களையும் மதிப்பிடும் யாரும் இந்தப் பள்ளத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுகளில் அவர் படிப்பை முடித்தார். 1945-இல் டாக்டராகி லண்டனுக்கு வேலைக்குப் போனார். போய் இறங்கிய டாக்டரை ஆர்சனல் கிளப் அமெச்சூராகச் சேர்த்துக்கொண்டது. லண்டன் ஐரிஷ் ரக்பி கிளப்புக்கும் ஆடினார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு வாரம் இந்தக் காலத்தில்தான் வருகிறது. ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் ஆடிய அணி பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் அயர்லாந்து என்பதையும் கவனிக்க வேண்டும். டப்ளின் சங்கத்தின் அயர்லாந்து, பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் அயர்லாந்து, முழுத் தீவுக்குமான ரக்பி அயர்லாந்து என்று அந்த நாட்டின் மூன்று வடிவங்களுக்கும் ஆடியவர் அவர்.

1930-களில் இங்கிலாந்தை ஆண்ட ஆர்சனல் அப்போது இல்லை. ஹைபரி மைதானம் போரில் பாதுகாப்புப் பணிக்குப் போய்விட்டதால், அணி தன் பக்கத்து வீட்டு எதிரியான டாட்டன்ஹம் கிளப்பின் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. 1946 ஆகஸ்ட் 31 அன்று லீக் மீண்டும் தொடங்கிய முதல் நாளிலேயே வுல்வர்ஹாம்ப்டனிடம் 6-1 என்று அடி வாங்கியது. வயதான வீரர்கள், காயங்கள், இன்னும் ராணுவத்திலிருந்து திரும்பாதவர்கள். முப்பத்தைந்து வயது ரானி ரூக்கை முன்களத்துக்கு வாங்கி ஒப்பேற்றினார்கள். அந்த 1946-47 பருவத்தில் ஓஃபிளானகன் 14 லீக் ஆட்டங்கள் ஆடி மூன்று கோல் அடித்தார். ஆர்சனல் 13-ஆவது இடத்தில் முடித்தது.

எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் உலகின் மிகக் கடினமான லீகில், முழுநேரமும் பயிற்சி செய்யும் வீரர்களுக்கு நடுவே, வார நாட்களில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து ஆடியவர் இவர். அதே அணியில் இன்னொரு அமெச்சூர் பெர்னார்ட் ஜாய். பள்ளி ஆசிரியர், இங்கிலாந்தின் முழு அணிக்கு ஆடிய கடைசி அமெச்சூர். நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த டெனிஸ் காம்ப்டனும் ஆர்சனல்காரர், இடது ஓர ஆட்டக்காரர். அவர் சம்பளம் வாங்கும் வீரர். கிரிக்கெட்டிலும் காசு வாங்கினார், கால்பந்திலும் வாங்கினார். இந்த இரண்டு விளையாட்டுகளுக்குமே தொழில்முறை ஏற்புடையது என்பதால் அவருக்கு அது இடிக்கவில்லை. ரக்பியும் தடகளமும் ஆட விரும்பியிருந்தால் அப்போது தெரிந்திருக்கும் சங்கடம்.

1946 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. டப்ளின் சங்கத்தின் அயர்லாந்து அணியோடு இங்கிலாந்து முதன்முறையாக மோத டேலிமவுண்ட் பார்க்குக்கு வந்தது. இரண்டு நாள் முன்புதான் பெல்ஃபாஸ்டில் மற்ற அயர்லாந்தை 7-2 என்று துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். கேரியும் பில் கோர்மனும் அந்த ஆட்டத்திலும் ஆடி, ரயிலேறி வந்து இந்த ஆட்டத்திலும் ஆடினார்கள், இரண்டு வெவ்வேறு அயர்லாந்துகளுக்காக. இங்கிலாந்து அணியில் லாட்டன், மானியன், கார்ட்டர், ஃபின்னி என்று பெரிய பெயர்கள். டப்ளினில் ஆட்டம் வேறு மாதிரி போயிற்று. கடைசிப் பத்து நிமிடம்வரை கோலே இல்லை. பிறகு டாம் ஃபின்னி ஒன்று அடித்தார், 1-0.

அன்று வலது ஓரத்தில் கெவின். நடுவில் அவருடைய தம்பி மிக். முன்களத்தில் ஆட வேண்டிய வீரர் வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் மிக்கைக் கூப்பிட்டார்கள். பொஹீமியன்ஸ் கிளப்பின் கோல் இயந்திரம் அவர். கால்பந்தில் அவருக்கு அந்த ஒரு சர்வதேசப் போட்டிதான் கிடைத்தது, ஆனால் அண்ணனோடு சேர்ந்து இங்கிலாந்துக்கு எதிராக. இப்படி ஒன்று எத்தனை வீடுகளுக்கு வாய்க்கும்?

ரக்பியில் கெவினுக்கு அதிகாரப்பூர்வமான ஒரே ஆட்டம் 1947 டிசம்பர் 6 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்தது. அயர்லாந்து 16-3 என்று தோற்றது. மிக் அதிர்ஷ்டக்காரர். 1948 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தை 6-0 என்று வென்ற ரக்பி அணியில் அவர் இடம்பெற்றார். அந்த ஆண்டு, ஐந்து நாடுகள் மோதும் தொடரில் அயர்லாந்து தன் நான்கு ஆட்டங்களையும் வென்று, வரலாற்றில் முதல் முறையாக கிராண்ட் ஸ்லாம் பெற்றது. அடுத்தது கிடைக்க 2009 வரை ஆயிற்று. அந்த அணியின் தலைவர் கார்ல் மல்லனும் மருத்துவர், நட்சத்திரம் ஜாக் கைலும் மருத்துவர். அக்கால ஐரிஷ் ரக்பியில் டாக்டர்கள் இவ்வளவு பேர் இருந்தது தற்செயல் ஆகாது. சம்பளமில்லாத விளையாட்டு யாருக்குக் கட்டுப்படியாகும் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு சான்று.

கால்பந்திலும் ரக்பியிலும் அயர்லாந்துக்கு ஆடிய சகோதரர்கள் என்ற பெருமை இந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

இங்கிலாந்து ஆட்டத்துக்குப் பிறகு கெவின் கால்பந்தில் அதிகம் நீடிக்கவில்லை. 1947-இல் ஸ்பெயினை 3-2 என்று வென்ற அணியில் ஆடினார். அந்த மே மாதம் போர்ச்சுகலிடம் தோற்ற ஆட்டம்தான் கடைசிச் சர்வதேசப் போட்டி. பார்னெட், பிரென்ட்ஃபோர்டு கிளப்களில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு டப்ளினுக்குத் திரும்பி மருத்துவத்தில் இறங்கிவிட்டார்.

அவருடைய இரண்டாம் பாதியைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அது முதல் பாதிக்கு இணையாகவே தெரிகிறது. விளையாட்டுக் காயங்களுக்கான மருத்துவம் என்று தனியாக ஒரு துறை அயர்லாந்தில் இல்லாத காலத்தில் அதில் ஈடுபட்டவர் அவர். தசை கிழிந்தால் ஓட்டக்காரருக்கு என்ன ஆகும் என்பதை, அதே தூரத்தை வேகமாக ஓடிய ஒரு டாக்டரைவிட யார் நன்றாக அறிவார்? 1960 ரோம் முதல் 1976 மாண்ட்ரியல் வரை ஐரிஷ் ஒலிம்பிக் அணியின் மருத்துவராக இருந்தார். போர் அவரை ஓட்டக்காரராகப் போகவிடாத ஒலிம்பிக்ஸுக்கு டாக்டராகப் போனார். 1976-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரானார். கமிட்டியின் தலைவராக அப்போது இருந்தவரும் ஓர் ஐரிஷ்காரர், லார்ட் கில்லானின்.

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் அமெச்சூர் என்ற விதியே ஒலிம்பிக்ஸிலிருந்து கரைந்து போனது. 1972 வரை தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ், விளம்பரக் காசு வாங்கியதாக ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் கார்ல் ஷ்ரான்ஸை வெளியேற்றிய மனிதர். 1974-க்குப் பிறகு விதிகள் தளர்ந்தன. 1981-இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் நடந்த ஒலிம்பிக் மாநாடு வழி திறந்தது. 1992 பார்சிலோனாவில் அமெரிக்காவின் கோடீஸ்வரக் கூடைப்பந்து வீரர்கள் வந்து தங்கம் வாங்கிப் போனார்கள். இதற்கிடையே 1982-இல், ஜிம் தோர்ப்பின் பதக்கங்களை அவர் குடும்பத்துக்குத் திருப்பித் தர கமிட்டி முடிவு செய்தது. தோர்ப் இறந்து அப்போது 29 ஆண்டு ஆகியிருந்தது. பல விளையாட்டுகளில் ஆடிய ஒருவரை எழுபது ஆண்டுகள் தண்டித்த விதி இது.

ஓஃபிளானகன் 1995-இல் கமிட்டியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்பி யூனியனும் காசுக்குக் கதவைத் திறந்தது. பண மதில் இப்படி இடிந்தது நல்லதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ரக்பி ஒரு வாழ்க்கையாக முடியும். ஆனால் அந்த இடத்தில் ஒப்பந்தம் என்ற மதில் எழுந்தது. காப்பீடு, முழுநேரப் பயிற்சி, ஆண்டு முழுதும் நீளும் பருவம் எல்லாம் சேர்ந்து, பதினெட்டு வயதிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடு என்று வீரரைக் கட்டாயப்படுத்துகின்றன. கால்பந்திலும் ரக்பியிலும் ஒரே நேரத்தில் நாட்டுக்கு ஆடும் இன்னொருவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தேசிய மதில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 1971-இல் கேலிக் தடகளச் சங்கம் அந்நிய விளையாட்டுத் தடையை நீக்கியது. பலன் சீக்கிரமே தெரிந்தது. கெவின் மோரன் என்ற டப்ளின் இளைஞர் 1976, 1977 ஆண்டுகளில் டப்ளின் கேலிக் அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்றுவிட்டு, 1978-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பதக்கத்தை யாரும் பிடுங்கவில்லை. பின்பு அயர்லாந்தின் கால்பந்து அணிக்கும் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். ஓஃபிளானகனுக்கும் கேரிக்கும் கான் மார்ட்டினுக்கும் மறுக்கப்பட்ட பாதை அது.

மிச்சமிருந்தது சங்கத்தின் தலைமை மைதானமான குரோக் பார்க். அங்கே கால்பந்தும் ரக்பியும் நுழையக்கூடாது என்ற விதியைத் தளர்த்த 2005 ஏப்ரலில் சங்கத்தின் மாநாடு வாக்களித்தது. அந்த முடிவு வந்தபோது ஓஃபிளானகன் இருந்தார். 2006 மே 26 அன்று, 86 வயதில் காலமானார். 2007 பிப்ரவரி 11 அன்று குரோக் பார்க்கில் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் நடந்தது. மார்ச் 24 அன்று அயர்லாந்து அங்கே வேல்ஸோடு கால்பந்து ஆடி 1-0 என்று வென்றது.